அந்துப்பூச்சி பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, லைட்டை போட்டா ஏன் இப்படி சுத்தி சுத்தி வந்து விழுது? நிலான்னு நெனச்சுக்குதாமே?

பதில்: அந்த நிலா கதை ரொம்ப நாளா ஓடிட்டு இருந்துச்சு தம்பி. 2024ல ஹைஸ்பீடு கேமரால படம் புடிச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. ராத்திரில தரையை விட வானம்தான் கொஞ்சம் வெளிச்சமா இருக்கும், அதனால பூச்சி முதுகை வெளிச்சத்து பக்கம் வெச்சுதான் பறக்கும், எது மேல எது கீழன்னு அதுக்கு புரியறதே அப்படித்தான். பல்பு கிட்ட வந்ததும் முதுகை அதுக்கு திருப்புது, வட்டம் போடுது, பல்புக்கு நேர் மேல போயிட்டா தலைகீழா கவுந்து பொத்துனு விழுது. ஆசைப்பட்டு வரல, மாட்டிக்குது பாவம். புழுவா இருக்கறப்ப அரளி இலை திங்குற பச்சை ஹாக் மாத்னு ஒரு பெரிய அந்துப்பூச்சியும் பழ ஈயும் மட்டும் அந்த சோதனைல இப்படி மாட்டல, கில்லாடிங்க!

கேள்வி: இறக்கை பவுடர் கண்ணுல பட்டா பார்வை போயிடுமா?

பதில்: போகாது. அது குட்டி குட்டி செதில். உறுத்தினா தண்ணி விட்டு கழுவுங்க.

கேள்வி: சுவத்துல சாம்பல் கலர்ல பூசணி விதை மாதிரி ஒன்னு ஊருதே, அது என்ன மேடம்?

பதில்: அதுவும் ஒரு அந்துப்பூச்சியோட புழுதான். மணல், தூசி, நூல் எல்லாத்தையும் தன் வாய் நூலால ஒட்டி கூடு கட்டி அதையும் இழுத்துட்டே போகும், ரெண்டு பக்கமும் வாசல், எதுல வேணாலும் தலையை நீட்டும். பழைய சிலந்தி வலை, உதிர்ந்த முடி இதான் சாப்பாடு. ஒட்டடை அடிங்க போதும், மருந்தெல்லாம் வேணாம்.

கேள்வி: முருங்கை மரம் பூரா கம்பளிப்பூச்சி. இதனால யாருக்கு என்ன லாபம்?

பதில்: அதுவும் அந்துப்பூச்சியோட புழுதான். சுடலைக்குயிலுக்கு லாபம், நிறைய பறவைங்க தொடாத அந்த முடிப்புழுவ அது நல்லா திங்கும். பகல்ல அடிமரத்துல கூட்டமா ஒட்டிட்டு இருக்கும், அப்ப அழிக்கறது சுலபம், ஆனா வெறும் கைல தொடாதீங்க, செம அரிப்பு.

கேள்வி: மகரந்த சேர்க்கைக்கு தேனீ போதாதா?

பதில்: ஆண் மரம் பெண் மரம் தனித்தனியா இருக்குற பப்பாளிய பாருங்க, பொழுது சாயற நேரம் அந்த வெள்ளைப் பூ முன்னாடி அந்தரத்துல நின்னுட்டே நீள நாக்கை விட்டு தேன் குடிக்கறது ஹாக் மாத்துதான்.

கேள்வி: அரிசி டப்பால வர்ற அந்துவ என்னங்க பண்றது?

பதில்: சலிச்சு காய வைங்க. ஆனா ஒரு விஷயம், அதோட முட்டைய அட்டைல ஒட்டி அதுலதான் டிரைக்கோகிரம்மாங்கற குட்டி குளவிய வளக்கறாங்க. அந்த அட்டைய கரும்பு தோட்டத்துல கட்டிவிட்டா குளவி வெளிய வந்து, கரும்பை துளைக்குற இடைக்கணுப்புழுவோட முட்டைக்குள்ள தன் முட்டைய வெச்சு காலி பண்ணிடும். இடைக்கணுப்புழுவும் அந்துப்பூச்சி வகைதாங்க!