சாடியில் ரோஸ்மேரி: வாசகர் கேள்வி பதில்

நுவரெலியாவில் வாங்கிய ரோஸ்மேரிச் செடியை பிளாஸ்டிக் சாடியில் நட்டு இஸ்தோப்பு ஓரத்தில் வைத்தேன். ஜூன் மழை தொடங்கியதும் அடி இலைகள் கறுத்து உதிர்கின்றன, நுனி தொங்குகிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. என்ன குறை?
– வாசகி, தலவாக்கலை

தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால், அது தாகமல்ல, வேரழுகல். தண்ணீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. பலவீனப்பட்ட வேரில் அழுகல் கிருமிகள் ஏறிவிடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால்தான், ஈரத்தில் நின்றபடியே செடி வாடுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்! மலையகத்தில் ரோஸ்மேரி பெரும்பாலும் சாவது இப்படித்தான்.

சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். கெட்டது பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பாதிக்கு மேல் நல்ல வேர் இருந்தால், கெட்டதை வெட்டியெறிந்து புதுக் கலவையில் நடுங்கள். மேலே உள்ள பச்சைத் தளிரிலும் மூன்றில் ஒரு பங்கை நறுக்குங்கள். குறைந்த வேர் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்காது. வேர் முழுக்கப் போயிருந்தால், வாடாத நுனிகளை வெட்டிப் பதியம் போடுவதுதான் மிச்சம்.

உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த மாதங்களில் சாடி கூரைக்குக் கீழே, ஆனால் வெளிச்சம் விழும் இடத்தில் இருக்கவேண்டும். ஒளி புகும் தகடு போட்ட சாய்ப்பு நல்லது. அடித்தட்டை எடுத்துவிட்டு, சாடியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மூடுபனி நாட்களில் ஒரு வாரம் ஊற்றாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது.

தேயிலை மலை மண்ணும் தும்புத்தூளும் சரிபாதி கலந்தால் போதுமா?
– வாசகர், மஸ்கெலியா

போதாது. தும்புத்தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் மழைக்கு அது பகை. தேயிலை மண்ணின் பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை. ரோஸ்மேரிக்கு 6 முதல் 7 வரை இருந்தால்தான் நல்லது.

மண் இரண்டு பங்கு, பருமனான ஆற்று மணல் இரண்டு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. பத்து அங்குலச் சாடிக்கு மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூளான டொலமைட் ஒரு மேசைக்கரண்டி தட்டையாக அளந்து சேர்த்து, இலேசாக ஈரமாக்கி இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்து நடுங்கள். டொலமைட் உடனே வேலை செய்யாது. சாடியின் அடியில் கல் நிரப்பும் பழக்கம் வேண்டாம். அதனால் வடிகால் கூடாது, வேருக்கான மண்தான் குறையும். துளைக்கு மேல் ஓர் ஓட்டுத் துண்டு போதும். மண்சாடி கிடைத்தால் பிளாஸ்டிக்கை விட்டுவிடுங்கள்.

தேயிலைக்கு வாங்கிய உரத்தில் மிச்சத்தைச் சாடியில் தூவுவதும் கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் கொப்பு நீண்டு தளதளவென வளரும், வாசம் குறையும், பூச்சியும் வரும். ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு கைப்பிடி கூட்டெரு போதும்.

செடி அடியில் வெறும் குச்சியாகிவிட்டது. தேயிலையைப் போல் கவ்வாத்து வெட்டினால் துளிர்க்குமா?
– வாசகி, பண்டாரவளை

துளிர்க்காது. தேயிலையை மொட்டைக் கட்டையாக வெட்டினாலும் பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் விழித்துக் கொழுந்து தள்ளும். ரோஸ்மேரியின் இலையில்லாத முதிர்ந்த மரத்திலிருந்து தளிர் வருவது அபூர்வம். கவ்வாத்துக் கத்தியைத் தொடவேண்டாம். பச்சை இலை உள்ள பகுதியில் மட்டும், ஒவ்வொரு கொப்பிலும் இரண்டு அங்குலமாவது இலை மிஞ்சும்படி வெட்டுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இளஞ்செடியிலேயே நுனியைக் கிள்ளிக்கொண்டு வந்தால் இந்த நிலை வராது.

உங்கள் செடிக்கு நல்ல வழி, புதிதாகத் தொடங்குவது. பூக்காத நுனிக்கொப்புகளை நான்கு ஐந்து அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிடுங்கள். மணலும் தும்புத்தூளும் சரிபாதி (இங்கே மட்டும் தும்புத்தூள் ஆகும்) நிரப்பி, அடியில் துளையிட்ட யோகட் கப்பில் ஊன்றி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்தால் பிடிவாதம் காட்டவேண்டும். அதற்கு முன் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் வறண்ட காற்றுக்குச் சிறுசாடி ஒரே நாளில் காய்ந்துவிடும். தலவாக்கலைக்குச் சொன்ன தண்ணீர்க் கணக்கு அப்போது உங்களுக்குப் பொருந்தாது.

இலையில் வெள்ளைப் பொடி படிகிறது. பனிக்காலத்தில் செடியை உள்ளே எடுக்கவேண்டுமா?
– வாசகர், நுவரெலியா

வெள்ளைப் பொடி சாம்பல் நோய். காற்றோட்டமில்லாத நெருக்கத்தில் வருவது. பிடித்த நுனிகளை வெட்டி அப்புறப்படுத்தி, சாடிகளுக்கிடையே ஓர் அடி இடைவெளி விடுங்கள். தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்காதீர்கள். சமையலுக்குப் பறிக்கும் செடிக்கு மருந்தடிக்கும் யோசனையே வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் புல்மேல் உறையும் பனியை ரோஸ்மேரி தாங்கும். ஈர மண்ணும் குளிரும் சேர்ந்தால்தான் கெடும்.

விதை போடலாமா? பறித்ததை எப்படிக் காயவைப்பது?
– வாசகி, மாத்தளை

விதை முளைப்பது குறைவு, முளைத்தாலும் வளர்ச்சி மந்தம். பதியமே மேல். காயவைக்க, சிறு கட்டுகளாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். மழை மாதத்தில் அப்படித் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது வேண்டியதை மட்டும் பச்சையாகப் பறித்து, இலேசாக நனைத்த கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரம் கெடாது.