அந்தக் காலப் பத்திரிகை போட்டோகிராபர்கள் ஃப்ளாஷ் அடித்து வீட்டையே கொளுத்தினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். நீங்கள் செல்போனில் படமெடுத்துப் பழகியவராக இருப்பீர்கள், அதனால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்று ஒரு போலீஸ் செய்தி நிருபர். 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட் கலந்த ஃப்ளாஷ் பவுடர் வந்ததும், சேரிகளின் இருட்டறைகளைப் படமெடுக்கக் கிளம்பினார். முதலில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதைப் பார்த்து ஜனங்கள் மிரண்டதால், அப்புறம் வாணலியில் பவுடரைக் கொட்டிப் பற்றவைத்தார். பார்வையற்றவர்கள் ஐந்து பேர் இருந்த ஓர் அறையில் சுவரில் கிடந்த காகிதமும் கந்தலும் தீப்பிடித்துக்கொண்டன. எப்படியோ அணைத்துவிட்டு வெளியே வந்து போலீஸ்காரரிடம் சொன்னால், அவர் சிரித்தாராம்: அந்த வீட்டுச் சுவரில் அழுக்கு அவ்வளவு தடிமன், தீ தானே அணைந்துவிடும் என்று. இன்னொரு தடவை ரீஸ் மேலேயே தீப்பிடித்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

1969-இல் நான் ஒரு நாளிதழ் போட்டோகிராபருக்கு எடுபிடியாகச் சேர்ந்தபோது பவுடர் போய் பல்பு வந்திருந்தது. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. உள்ளே நீலப் பொட்டு இருக்கும். அது ரோஸ் நிறமானால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம், மாட்டக்கூடாது. அண்ணன் தினமும் சொல்வார். ஒரு பாராட்டு விழாவில், மாலை போடும் நேரம், அவசரத்தில் பொட்டைப் பார்க்காமல் மாட்டிக் கொடுத்தேன். டப்பென்று வெடித்து அண்ணன் காதோரம் சில்லு கீறிவிட்டது. பல்புக்கு மேல் அரக்குப் பூச்சு உண்டே, எப்படி வெடிக்கும் என்று யாராவது கேட்பீர்கள். பூச்சு உண்டு ஐயா. விரிசல் விட்ட பல்பை அது எவ்வளவு தாங்கும்?

கைக்குட்டையால் காதைப் பொத்திக்கொண்டு, "பொட்டு பாத்தியாடா?" என்றார். "பாத்தேண்ணே" என்றேன்.

படம் நன்றாகவே விழுந்திருந்தது. மறுநாள் பேப்பரில் வந்தது, அண்ணன் பெயர் இல்லாமல். அப்போதெல்லாம் நிருபருக்குப் பெயர் போட்டாலும் படத்துக்குப் போட மாட்டார்கள். இப்போது மட்டும் என்ன? போன மாதம் அதே படம் வாட்ஸப்பில் வந்தது. கீழே "நன்றி: இணையம்" என்று போட்டிருந்தார்கள்.