கயிறு பின்னித் தரலாமா?

கேள்வி: என் மகள் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். அவள் மணக்கப்போகும் ஸ்காட்லாந்துப் பையன் 'விக்கா' என்ற வழியைப் பின்பற்றுகிறவன். தங்கமான பையன், அதில் எனக்குக் குறையில்லை. வருகிற ஆகஸ்டில் ஒரு மலையடிவாரத்தில் இருவர் கையையும் கயிற்றால் கட்டித் திருமணமாம். அந்தக் கயிற்றை நான்தான் பின்னித் தர வேண்டும் என்கிறாள். இணையத்தில் தேடினால், இந்தக் கல்யாணம் ஒரு வருஷமும் ஒரு நாளும்தான் செல்லும் என்று போட்டிருக்கிறது. துடைப்பத்தை வேறு தாண்டுவார்களாம். இது சூனியம் சம்பந்தப்பட்டதா? சட்டப்படி செல்லுமா? நான் கயிறு பின்னலாமா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகப் பின்னுங்கள். கயிற்றுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயங்களைப் பார்த்துவிடுவோம்.

விக்காவைப் பின்பற்றுகிறவர்கள் தங்கள் வழியைச் சொல்லவும் ஆங்கிலத்தில் சூனியத்துக்கான சொல்லையே பயன்படுத்துவதால்தான் இந்தக் கலக்கம். நம் ஊரில் செய்வினை என்று பயப்படுகிற சமாச்சாரம் அல்ல இது. ஒரு தேவி, ஒரு தேவன், நிலா, பருவங்கள் இவற்றைச் சுற்றிய வழிபாடு. யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது அவர்களுடைய முக்கியமான விதி. ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் இதை ஊரறியச் சொல்லத் தொடங்கியது, பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகுதான். ஆக, அழைப்பிதழில் 'ஆதிகால முறைப்படி' என்று போட்டிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சடங்கு இளையது என்பதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. 'காலங்காலமாக இப்படித்தான்' என்று யாரும் உங்கள் வாயை அடைக்க முடியாது. ஜோடியும் நடத்தி வைப்பவரும் உட்கார்ந்து பேசித்தான் வரிசையை எழுதுகிறார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

கைசேர்த்து வாக்குக் கொடுப்பது மட்டும் நிஜமாகவே பழசு. ஆனால் அந்தக் கால ஸ்காட்லாந்தில் அது பெரும்பாலும் நம் நிச்சயதார்த்தம் போன்றது. ஆர்க்னி தீவில் ஒடின் கல் என்று ஓட்டை போட்ட பெரிய கல் ஒன்று இருந்தது. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஓட்டை வழியாகக் கை கோத்துச் சத்தியம் செய்வார்களாம். 1814-ல் ஒரு குத்தகைக்காரர் அதை உடைத்துப்போட்டுவிட்டார். பாவி மனிதர்!

'ஒரு வருஷமும் ஒரு நாளும்' கதைக்கு வருவோம். மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703-ல் வெளியிட்ட நூலில், அங்கே முன்பு அப்படி ஒரு வழக்கம் இருந்ததாக எழுதினார். 1820-ல் வால்டர் ஸ்காட் அதை நாவலில் வைத்ததும் ஊரெல்லாம் பரவியது. பிற்கால ஆய்வாளர்கள் இதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்கிறார்கள். இன்றும் சிலர் உறுதிமொழியில் அந்த வரியைச் சேர்க்கிறார்கள், சிலர் 'அன்பு உள்ளவரை' என்கிறார்கள், சிலர் 'ஆயுள் முழுவதும்'. உங்கள் மகள் எதைச் சொல்லப்போகிறாள் என்று கேட்டு வையுங்கள். அன்றைக்குத் திடுக்கிட வேண்டாம்.

உறுதிமொழியில் எது இருந்தாலும் சட்டம் பார்ப்பது காகிதத்தை. இங்கிலாந்தில் என்றால் இந்தச் சடங்கு மட்டும் செல்லாது, பதிவு அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். ஸ்காட்லாந்தில், நடத்தி வைப்பவருக்கு அரசு அங்கீகாரம் இருந்தால் மலையடிவாரத்திலேயே சட்டப்படியான திருமணம் முடிந்துவிடும். 2004-ல் எடின்பரோவில் தொடங்கி அப்படி நடந்துவருகிறது. மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: நடத்தி வைப்பவருக்கு அங்கீகாரம் உண்டா? திருமண அறிவிப்பான எம்10 படிவத்தைப் பதிவாளரிடம் கொடுத்தாயிற்றா? இருவரும் ஆளுக்கொரு படிவம் கொடுக்க வேண்டும், குறைந்தது 29 நாள் முன்னதாக. அதன் பேரில் பதிவாளர் தரும் திருமணத் தாள் கையில் இல்லாவிட்டால் நடத்தி வைப்பவர் திருமணத்தை நடத்த முடியாது. கல்யாணம் முடிந்ததும் அதில் கையெழுத்திட்டு, மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாட்சிகள் இரண்டு பேர், 16 வயது நிரம்பியிருந்தால் போதும். அதில் ஒரு கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் என்று கேளுங்கள்.

சடங்கில் வட்டமாக நிற்பார்கள். கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் நிலம் என்று நான்கு திசையையும் அழைப்பார்கள். வட்டத்தைச் சுற்றுவது சூரியன் போகும் போக்கில், அதாவது நம் வலம் வருதலேதான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் வலப்பக்கத்துக்கும் தெற்குக்கும் ஒரே சொல். நம் 'தட்சிண'மும் அப்படித்தான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள். வட்டம் போட்ட பிறகு குறுக்கே புகுந்து போவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். வயதானவர்கள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து நிற்பது நல்லது.

துடைப்பத்தில்தான் எனக்கே கொஞ்சம் இடிக்கிறது. காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஆனால் அது வீடு பெருக்கிய துடைப்பம் அல்ல. மிலாறுக் குச்சிகளைக் கட்டி, பூவும் ரிப்பனும் சுற்றியது. புது வாழ்க்கையின் வாசல்படி என்று வைத்துத் தாண்டுகிறார்கள். மனசு ஒப்பவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், அது இல்லாமலும் நடக்கும். இரண்டு கைப்பிடி வைத்த கிண்ணத்தில் விஸ்கியோ தேன்மதுவோ சுற்றி வரும். உங்கள் முறை வரும்போது பழரசம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

தாலியையும் இதற்குள் நுழைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். வேண்டாம். காலையில் வீட்டில் தனியாகச் செய்யுங்கள். நாற்பது நிமிடச் சடங்கில் இரண்டையும் அடைத்தால் எதுவும் மனசில் நிற்காது. ஆகஸ்ட் சாயங்காலம் அங்கே கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் கூட்டமாக வந்து பிடுங்கும், காற்று இல்லாவிட்டால் இன்னும் மோசம். மதியத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

சரி, கயிறு. இரண்டரை மீட்டர் நீளம் போதும். மூன்று புரியாகப் பின்னும்போது சுருங்கும், அதனால் ஒவ்வொரு புரியையும் மூன்றரை மீட்டருக்கு எடுங்கள். ஒரு புரிக்கு உங்கள் கல்யாணப் புடவையிலிருந்து ஒரு துண்டு கிழிக்க மனம் வந்தால் அழகாக இருக்கும். வெறும் பட்டு வழுக்கும், பருத்தி நாடா வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கையை இறுக்கிக் கட்டுவதில்லை. மேலே சுற்றிப் போட்டு, இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி கையை உருவும்போது முடிச்சு தானாக விழ வேண்டும். வீட்டில் உங்கள் கணவர் கையோடு நாலு முறை பழகிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மஞ்சள் நிறம் வேண்டுமானால் சாயம் போகாத நூலாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சளை அரைத்துப் பூசினால், ஸ்காட்லாந்து மழை ஒரு தூறல் போட்டாலும் மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்கை அவ்வளவுதான்.