ஆறு கிழமைக் கர்ப்பம், 50 தைரொக்சின், கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை: என்ன செய்வது?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருப்பது சுருக்கமாக இது. வயது 28, முதல் கர்ப்பம், ஆறு கிழமை. தைரொயிட் குறைவுக்காக இரண்டு வருடமாக நாளுக்கு 50 மைக்ரோகிராம் தைரொக்சின் போடுகிறார். போன கிழமை வெளியில் எடுத்த ரி.எஸ்.எச். 4.9 (தைரொயிட் பார்க்கும் இரத்தப் பரிசோதனை இது, இலக்கம் கூடினால் ஹோர்மோன் போதவில்லை என்று அர்த்தம்). கிளினிக் திகதி மூன்று கிழமைக்குப் பிறகு. மாமி "பிள்ளைத்தாய்ச்சி குளிசை போடக்கூடாது, நிற்பாட்டு" என்கிறார். இருப்பது யாழ்ப்பாணத்தில். நிற்பாட்டுவதா, அப்படியே தொடர்வதா என்று கேட்கிறார்.

தங்கச்சி, நிற்பாட்டாதீர்கள். அந்த மூன்று கிழமையைப் பொறுத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கோ நாளையின்றைக்கோ, உங்களுக்குத் தைரொக்சின் எழுதித் தந்த டொக்டரைப் போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால் போனிலாவது கதையுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நான் கர்ப்பம், ரி.எஸ்.எச். 4.9, குளிசையைக் கூட்ட வேண்டுமா?"

நான் டொக்டர் இல்லை. கோண்டாவில் பக்கம் ஒரு ரீச்சர். இரண்டு பிள்ளைகளையும் இந்தக் குளிசையோடுதான் பெற்றேன். முதல் பிள்ளையின்போது நீங்கள் இப்போது யோசிக்கிற அதே பிழையை நான் செய்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2018 இல் அது. நாள் பிந்தி, வீட்டிலேயே கிட் வைத்துப் பார்த்து இரண்டு கோடு வந்த அன்றைக்கே அம்மா என் குளிசைப் போத்தலை எடுத்து சாமியறை அலுமாரியில் வைத்துவிட்டா. அவவைக் குறை சொல்லேலாது. கர்ப்பத்தில் கண்ட மருந்தும் போடக்கூடாது என்பது நல்ல புத்திதான், ஆனால் தைரொக்சினுக்கு அது பொருந்தாது. நம் கழுத்தில் இருக்கும் சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹோர்மோனைத்தான் குளிசையாக விழுங்குகிறோம். உடம்புக்கு அது புதிய சாமான் இல்லை. எனக்கு அப்போது இது தெரியாது. ஒன்பது நாள் போடவில்லை. பிறகு பயம் வந்து ஒரு கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "உங்கட திகதிக்கு வாங்கோ, அப்ப பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள். நானும் பழைய 75 ஐயே திரும்பத் தொடங்கிக் காத்திருந்தேன். ஒன்பதாம் கிழமையில் றிப்போட் வந்தபோது ரி.எஸ்.எச். 11.2.

மகள் சுகமாகப் பிறந்தாள், இப்போது வீட்டில் அவள் வாய்க்கு முன்னால் ஒருத்தரும் நிற்க முடியாது. ஆனாலும் அந்தக் கிழமைகளில் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் சொந்தமாகத் தைரொயிட் ஹோர்மோன் இல்லை. பிள்ளையின் சுரப்பி 10, 12 கிழமையளவில்தான் மெல்ல வேலை தொடங்கும். தன் காலில் நிற்க 18, 20 கிழமையாகும். அதுவரை, முக்கியமாக மூளை உருவாகத் தொடங்கும் அந்த முதல் மூன்று மாதத்தில், பிள்ளை முழுக்கத் தாயின் ஹோர்மோனைத்தான் நம்பியிருக்கிறது. அதே நேரம் தாயின் உடம்பில் இரத்தத்தின் அளவு கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் ஹோர்மோனைப் பிடித்து வைக்கும் புரதமும் கூடுகிறது. ஒரு கிணற்றில் ஒரு தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு தோட்டத்துக்கு இறைக்க வேண்டி வந்தால் எப்படியோ அப்படி. நல்ல ஊற்றுள்ள கிணறு தாங்கும். நம்முடையதுதான் ஏற்கெனவே வற்றின கிணறாயிற்றே, வெளியிலிருந்து கூட ஊற்றத்தான் வேண்டும். இந்தத் தேவை நாலாம், ஆறாம் கிழமையிலேயே ஏறத் தொடங்குகிறது. கிளினிக் அட்டையில் முதல் திகதி விழுவதற்கு முன்பே, அநேகமாக.

எவ்வளவு கூட்டுவது? பொதுவாக 25 முதல் 50 வீதம் வரை கூட்ட வேண்டி வரும் என்று சொல்வார்கள். அமெரிக்கத் தைரொயிட் சங்கத்தின் 2017 வழிகாட்டலில் ஒரு சுலபமான வழி இருக்கிறது: கர்ப்பம் என்று தெரிந்தவுடன், கிழமைக்கு ஏழு குளிசை போடுகிறவர் இரண்டைக் கூட்டி ஒன்பது போடுவது. அதாவது கிழமையில் இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டு. இரண்டாவது பிள்ளைக்கு நான் முயற்சி செய்யும்போதே டொக்டர் இதை என் கொப்பியில் எழுதித் தந்திருந்தார். கோடு தெரிந்த அன்றே தொடங்கினேன், பிறகு இரத்தம் கொடுத்தேன். உங்களுக்கும் இதே கணக்குச் சரியா, வேறு ஏதாவதா என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். இருதய வருத்தம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே ரி.எஸ்.எச். குறைந்து கிடப்பவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. என் பதிலைப் பார்த்து நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

உங்கள் 4.9 க்கு வருவோம். றிப்போட்டில் பக்கத்தில் "நோர்மல் 0.4 - 4.5" மாதிரி ஒன்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம்தானே கூட என்று விட்டுவிடாதீர்கள். அது கர்ப்பமில்லாதவர்களுக்கான எல்லை. ஏற்கெனவே தைரொக்சின் போடுகிறவர் கர்ப்பமானால் ரி.எஸ்.எச். 2.5 க்குக் கீழே இருப்பதைத்தான் டொக்டர்மார் பார்ப்பார்கள். அதற்காக 4.9 என்பது தலையில் இடி விழுந்த கணக்கும் இல்லை. இணையத்தில் தேடினால் கருச்சிதைவு, குறைமாதம், பிள்ளையின் அறிவு என்று வரிசையாக வரும். அவை பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட, கூடிய குறைபாட்டைப் பற்றினவை. நேரத்தோடு சரிப்படுத்திய தாய்மாருக்கு அநேகமாகச் சுகமான பிள்ளைகள்தான் பிறக்கின்றன. ஆகவே இரவில் போனை வைத்துவிட்டுப் படுங்கள், பகலில் டொக்டரைப் பாருங்கள்.

குளிசையைக் கூட்டினால் நாலு கிழமைக்குப் பிறகு திரும்பவும் ரி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். அதனால் இன்றைக்குக் கூட்டி வருகிற கிழமை பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாதிக் கர்ப்பம் வரை நாலு கிழமைக்கு ஒருக்கால், பிறகு 30 கிழமை அளவில் ஒருக்கால் பார்த்தால் போதும் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஒரு நாள் தவறிப்போனால் பதறத் தேவையில்லாததும் இதனால்தான். நான் செய்த மாதிரி ஒன்பது நாள் விட்டால் அது வேறு கதை.

இனி, நம் வீடுகளில் உண்மையில் பிழை நடக்கிற இடம். குளிசையின் அளவு சரியாக இருந்தும் ரி.எஸ்.எச். இறங்காத ஆட்களை எனக்குத் தெரியும். விடிய எழும்பிக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவார்கள். தேத்தண்ணி, கோப்பி, பால் எதோடும் வேண்டாம். வெறுவயிற்றில், வெறும் தண்ணியோடு, பிறகு அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம், ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். நான் அஞ்சு மணிக்கு அலாரம் வைத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிடுவேன்.

அதைவிடப் பெரிய வில்லன் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும். இரண்டும் நல்லவை, இரண்டும் கட்டாயம் போட வேண்டியவை. ஆனால் வயிற்றில் தைரொக்சினைக் கண்டால் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் ஏறவிடாது. நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். போலிக்கமிலம் ஒரு தொல்லையும் தராது, அதை விடாமல் போடுங்கள். முதல் மூன்று மாதம் கழிந்து இரும்பும் கல்சியமும் தொடங்கும்போது நான் வைத்திருந்த ஒழுங்கு: விடிய அஞ்சுக்குத் தைரொக்சின், மத்தியானச் சாப்பாட்டோடு கல்சியம், இரவு இரும்பு. இரும்பையும் கல்சியத்தையும்கூட ஒன்றாகப் போடக்கூடாது, அவை இரண்டுக்கும் தங்களுக்குள்ளேயே ஒத்துவராது. இரும்பு போட்டவுடன் தேத்தண்ணி குடிப்பதும் வீண்.

கிளினிக்கில் தரும் சத்துமாவான திரிபோசாவை ஒருவரும் யோசிப்பதில்லை. அதில் சோளத்தோடு சோயாவும் பால்மாவும் இருக்கிறது. மேலதிகமாகச் சேர்த்த சத்துகள் வேறு. அருமையான சாமான், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்தால் மகளுக்கு முன்னால் நான் முடித்துவிடுவேன். ஆனால் தைரொக்சின் போட்ட கையோடு வேண்டாம். பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் கிழமை என்றால் சத்தியும் தொடங்கியிருக்கும். வெறுவயிற்றில் தண்ணி குடித்தாலே வெளியில் வந்துவிடும் காலம். எனக்கு இரண்டாவதில் அப்படித்தான், ஏழாம் கிழமையிலிருந்து விடியக் குளிசை நிற்கவே இல்லை. டொக்டரிடம் கேட்டு இரவுக்கு மாற்றினேன். ஏழு மணிக்கு இடியப்பத்தை முடித்துவிட்டுப் பத்தரைக்குக் குளிசை. கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணித்தியாலம் இருந்தால் சரி. அப்படி மாற்றினால் இரவு இரும்பை மத்தியானத்துக்கும், மத்தியானக் கல்சியத்தைக் காலைச் சாப்பாட்டுக்கும் தள்ள வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன், ஒரு கிழமை.

சாப்பாட்டு விஷயத்தில் உங்களுக்குச் சொல்ல ஆட்கள் ஏராளம் வருவார்கள். கோவா சாப்பிடாதே, மரவள்ளி சாப்பிடாதே. இவை தைரொயிட்டைக் கொஞ்சம் அடக்கும் என்பது உண்மைதான், ஆனால் அவித்துச் சமைத்து இடைக்கிடை சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. நாளும் மரவள்ளியே சாப்பாடென்றால்தான் யோசிக்க வேண்டும். "கடல் மீன் சாப்பிடுகிற எங்களுக்கு எப்படித் தைரொயிட் வருத்தம்" என்று கேட்பவர்களும் உண்டு. இலங்கையில் 1995 இலிருந்து சாப்பாட்டு உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம். அயடின் கிடைக்கும் இடங்களில் அநேகருக்கு இது வருவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால். ஹஷிமோட்டோ என்பது அதன் பெயர், எனக்கும் அதுதான். மீன் கூடச் சாப்பிட்டு அதை மாற்ற முடியாது. கட்டியுப்புப் பாவிக்கிற வீடென்றால் பைக்கற்றில் அயடின் சேர்த்ததென்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சிலைச் சாறு, ஓன்லைனில் விற்கும் "தைரொயிட் பவுடர்" ஒன்றுக்கும் போகாதீர்கள்.

குளிசையை வைக்கும் இடமும் முக்கியம். ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். நம்முடைய சித்திரை வெயிலில் அதைக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும். வெளிச்சமும் ஈரமும் படாத, மூடியுள்ள போத்தலில் வையுங்கள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பாமசியில் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கம்பனிக் குளிசை கிடைத்தது. அதே அளவுதானே என்று நினைத்தேன், ஆனால் கம்பனி மாறினால் சிலருக்கு அளவும் மாறும், சொல்லி ஒரு ரி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள்.

மிட்வைஃப் அக்காவிடம் இன்னும் பதியவில்லை என்றால் இந்தக் கிழமையே பதியுங்கள், தைரொயிட் இருக்கிறதென்று முதல் வாய்ச்சொல்லாகச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். என்னுடைய அனுபவத்தில், கிளினிக் திகதியை முன்னுக்கு எடுத்துத் தரக்கூடியவரும் அவர்தான். இரத்தம் படுதல், தாங்க முடியாத வயிற்றுக்குத்து, தண்ணியும் நிற்காத சத்தி என்றால் கிளினிக், திகதி எல்லாம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிசை கூட்டிய பிறகு நெஞ்சு படபடத்தாலோ கை நடுங்கினாலோ அதையும் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகு எனக்குப் பழைய 75 க்கே குறைத்தார்கள், ஆறு கிழமையில் திரும்ப இரத்தம் பார்த்தார்கள். பால் கொடுக்கும்போதும் போடலாம். குழந்தையின் குதிக்காலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து அதற்கும் தைரொயிட் பார்த்தார்கள், அவள் ஆஸ்பத்திரியையே எழுப்பினாள்.

மாமியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டொக்டரிடம் போகும்போது அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் அம்மா டொக்டர் வாயால் கேட்ட பிறகுதான் சாமியறை அலுமாரியிலிருந்து போத்தலை எடுத்துத் தந்தா. அதற்குப் பிறகு அஞ்சு மணி அலாரத்துக்கு முன்னமே தண்ணிச் செம்போடு வந்து நின்றதும் அவதான்.