தம்பியின் கழுத்து வீக்கம்: காத்திருக்க வேண்டாம்

19 வயதுத் தம்பிக்குத் தொண்டை வலி வந்து ஒரு வாரத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல், இடது கழுத்து மட்டும் வீக்கம், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் முடியும் வரை பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், இன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வெறும் நெறிக்கட்டியாகவும் இருக்கலாம், ஆனால் லெமியர் நோய்க்குறி என்று ஒன்று உண்டு, அரிதுதான், இந்த வயதில்தான் அதிகம் வரும்: ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி தொண்டையிலிருந்து கழுத்துச் சிரைக்குப் போய் அங்கே ரத்தத்தை உறைய வைக்கும், அந்த உறைவின் துணுக்குகள் நுரையீரலுக்குப் போய்ச் சீழ் பிடிக்கும். அசித்ரோமைசின் இதற்குப் பெரும்பாலும் எடுபடாது. ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது), கழுத்துக்குக் கான்ட்ராஸ்ட் சிடி (ரத்தக் குழாய் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், முதலில் தொண்டை வலி வந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள், தொண்டை ஆறியிருந்தால் அது பேச்சிலேயே வராமல் போய்விடும். மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.