முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்

கேள்வி: குறும்படத்துக்காக ஒரு போலீஸ் விசாரணைக் காட்சி எடுத்தோம். வெள்ளையடித்த அறை, இரண்டு டியூப்லைட். எடிட்டிங்கில் பிரைட்னஸைக் குறைத்தும் மிரட்டல் வரவில்லையே?
- வாசகர், திருச்சி

பதில்: வெள்ளைச் சுவர்தான் எதிரி. டியூப்லைட் வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, முகத்தின் நிழலையெல்லாம் நிரப்பிவிடும். நிழலே பதிவாகாத காட்சியில் பிரைட்னஸைக் குறைத்தால் வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான்.

இரண்டையும் அணைத்துவிட்டு, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைக் கைதியின் தலைக்கு இரண்டரை அடி மேலே, நெற்றிக்குச் சற்று முன்னால் தொங்கவிடுங்கள். சுற்றிலும் கறுப்பு சார்ட் பேப்பரைப் பாவாடை மாதிரி கட்டினால் வெளிச்சம் சுவருக்குப் போகாது, கண்குழி இருண்டுவிடும். 'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், மார்லன் பிராண்டோவின் கண்களை இருட்டில் வைத்தது இப்படி மேலிருந்து விழும் வெளிச்சத்தால்தான். கைதி பொய் சொல்லும் இடத்தில் மட்டும் கண் தெரிய வேண்டுமா? மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், போதும்.

இன்ஸ்பெக்டரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்தி, மறுபக்கம் ஃபிரேமுக்கு வெளியே இரண்டடி தள்ளிக் கறுப்புத் துணி பிடியுங்கள். முகத்தின் இரு பக்கத்துக்கும் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அதாவது 8-க்கு 1 வித்தியாசம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவு செய்யும் வெளிச்சத்தின் அளவை, வெளிச்சம் பட்ட கன்னத்துக்கு ஏற்ப வையுங்கள். ஷட்டர் வேகம் 1/50 வினாடி, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 வைத்தால் மலிவு பல்புகளில் பட்டை ஓடும். ஃபேன் ரெகுலேட்டரில் பல்பை மாட்டி மங்கலாக்கும் யோசனை வேண்டாம், மினுக்கும்.

கேள்வி: தெருவில் துரத்தல் காட்சி எடுத்தபோது, கேமரா திரும்பத் திரும்ப நிறம் மாறுகிறது. கேமரா கோளாறா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை, ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் வசதி. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம். பழைய சோடியம் விளக்கு சுமார் 2000 கெல்வின். புது எல்.இ.டி. தெருவிளக்குகள் பெரும்பாலும் 5000-க்கு மேல். இரண்டையும் 'சரி' செய்யப் பார்த்து கேமரா தடுமாறுகிறது. ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் பூட்டிவிடுங்கள்: சோடியம் ஆரஞ்சாகவும் எல்.இ.டி. நீலமாகவும் நிற்கும். ஓடுகிறவன் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்குள் நுழையும் இடத்தைத் தேடி ஃபிரேம் வைத்தால் ஒரு விளக்கும் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஆனால் சோடியத்துக்குக் கீழே க்ளோஸப் வேண்டாம். அந்த வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சள்தான், தோலின் இயல்பு நிறத்தைப் பிறகு கிரேடிங்கில் (நிறம் திருத்தும் வேலையில்) மீட்க முடியாது.

கேள்வி: கொலைக் காட்சி முழுக்கச் சிவப்பு லைட் போடலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: முகத்தில் போட்டால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, மூக்கும் கன்னமும் ஒரே திட்டாகிவிடும். ரத்தமும் தனியாகத் தெரியாது! பின்சுவரில் மட்டும் போடுங்கள்.