உங்க ஜெட் ஸ்கி (தண்ணியில ஓடுற பைக்) பச்சை பட்டனைப் பத்து தடவை அழுத்தினாத்தான் ஸ்டார்ட் ஆகுதா?

பேட்டரியை மாத்தாதீங்க சார், கோளாறு பெரும்பாலும் ஸ்டார்ட் சுவிட்ச்லதான். பத்து தடவைக்கு ஒரு தடவை இன்ஜின் வேகமா சுத்துதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பேட்டரி படுத்திருந்தா அப்படிச் சுத்தாது.

சென்னைக் கடல்ல ஓடின ஜெட் ஸ்கியை வாங்கி கிருஷ்ணகிரி ஷெட்டுல ஒரு வருஷம் நிறுத்தியிருக்கீங்க. உப்புத்தண்ணி உள்ள போயிருந்தா செம்புக் காண்டாக்ட்ல களிம்பு ஏறிடும். தர்மபுரியில நான் பிரிச்ச ஒரு சுவிட்ச்ல பச்சையா, பாசி மாதிரி அப்பிக் கிடந்தது.

முதல்ல ஓட்டுறவர் உடம்புல மாட்டிக்கிற பாதுகாப்புக் கயிறோட கிளிப் சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, சுவிட்ச் கனெக்டரைப் பிரிச்சு, மல்டிமீட்டரை பீப்ல (இணைப்பு இருந்தா கத்துற செட்டிங்ல) வச்சு, முனைகளை சுவிட்சோட ரெண்டு வயர்லயும் தொட்டு பட்டனை அழுத்துங்க. விட்டு விட்டுக் கத்தினா சுவிட்சை மாத்திடுங்க. சீரா கத்தினா அடுத்தது ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் கரண்ட் விடுற ஸ்டார்ட்டர் ரிலேயைப் பாருங்க.

சீட்டைத் திறந்து பெட்ரோல் வாடை முழுக்கப் போன பிறகே கை வைங்க, ஒரு பொறி போதும்.